சாரதாவின் ஆயிரத்து இருநூறு கலோரி

சாரதாவுக்கு எண்ண வரும். அந்த விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. திருபுவனை தொழிற்பேட்டையில் ஒரு பிஸ்கட் கம்பெனி. அங்கே பேக்கிங் பிரிவில் பதினாறு வருஷமாக அதே பெல்ட்டின் கடைசியில் நிற்கிறாள். வரும் பாக்கெட்டை இருபத்துநாலு இருபத்துநாலாகப் பெட்டியில் அடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் பர்வினோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே அடுக்குவாள், சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டே அடுக்குவாள். ஒரு பாக்கெட் கூடாது, ஒன்று குறையாது. இப்படிப்பட்ட ஒருத்தியின் கையில் போய் ஒரு எண்ணைக் கொடுத்தார்கள் ஆஸ்பத்திரியில். அங்கே பிடித்தது வினை.

வினை என்றால் சாரதாவுக்கு அல்ல, அவள் தம்பிக்கு. சாரதாவுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் வீரமணி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், வில்லியனூரை ஒட்டி இரண்டு அறை வீடு. தம்பி இளங்கோ அவளுக்கு ஒன்பது வயது இளையவன். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனவள் அவள். கடலோரப் பனித்திட்டு கிராமத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு முப்பத்துநாலு வயதில் இரண்டு கிட்னியும் போய்விட்டது. பிரஷர் என்றார் ஒரு டாக்டர், கண்ட கண்ட வலி மாத்திரை போட்டதால் என்றார் இன்னொருவர். எதுவாக இருந்தால் என்ன, போனது போனதுதான். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கையில் ரத்தக் குழாயை இணைத்துச் செய்த ஆபரேஷன் இரண்டு தடவையும் ஒட்டவில்லை என்பதால் கழுத்தில் பைப் சொருகி, அதன் வழியாகத்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள்.

"இந்தப் பைப்ப வச்சிக்கினு ரொம்ப நாள் ஓட்ட முடியாதும்மா. கிருமி பூந்துச்சின்னா நேரா ரத்தத்துக்குத்தான் போவும். சீக்கிரம் கிட்னி மாத்திட்டா நல்லது" என்றார் பெரிய டாக்டர். இளங்கோவின் மனைவி சத்யாவுக்கு ரத்த வகை சேரவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை. அம்மா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. மிச்சம் அக்கா மட்டும்தான்.

சாரதா யோசிக்கவே இல்லை. "ரெண்டு இருக்குல்ல சார், ஒண்ண எடுத்துக்கோங்க" என்றாள், ஏதோ பக்கத்து வீட்டுக்குக் குடம் கொடுப்பவள்போல. புருஷனும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பொண்டாட்டி உடம்பில் கத்தி வைப்பதற்கு எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள்? வீரமணி பேனாவை வாங்கி, "எங்க போடணும்னு காட்டுங்க" என்றான். அவ்வளவுதான். அந்த மனுஷனை இந்த ஒன்றுக்காகவே கும்பிடலாம்.

எல்லாச் சோதனையும் முடிந்து பொங்கல் கழிந்த மறுவாரம் கூப்பிட்டார்கள். எல்லாம் பொருந்துகிறது, ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது என்றார் டாக்டர். எடை. சாரதா ஐந்தடிக்கு லேசாக மேலே. எடை எழுபத்தெட்டு கிலோ. "அறுபத்தெட்டுக்கு வந்துட்டீங்கன்னா தேதி குடுத்துடறேன். இப்ப எடுத்தா உங்களுக்கு ஆபத்து. நாலு மாசம் டைம் எடுத்துக்கோங்க. ரத்தமும் கொஞ்சம் கம்மிதான், பத்தரை இருக்கு. அதுக்கு மாத்திரை எழுதறேன், விடாம போடுங்க."

பிறகு டயட் மேடத்திடம் அனுப்பினார்கள். சின்ன வயசுப் பெண், நிதானமாகப் பேசுகிறவள். அரை மணி நேரம் உட்கார வைத்து எடுத்துச் சொன்னாள். கீரை தினம் சேர்க்க வேண்டும், பருப்பு, முட்டை, மீன், சோறு கைப்பிடி அளவு, எண்ணெய் இத்தனை கரண்டி, மாத்திரை போட்ட உடனே டீ குடிக்கக் கூடாது என்று தாளில் டிக் அடித்து டிக் அடித்துச் சொன்னாள். கடைசியில், "மொத்தத்துல ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரிக்கு மேல போகாம பாத்துக்கோங்க" என்றாள். அந்த அரை மணியில் அவள் சொன்னது நூறு விஷயம். சாரதா வீட்டுக்குக் கொண்டு வந்தது ஒன்றைத்தான். ஆயிரத்து இருநூறு.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் செய்தாள், பொய் சொல்லக் கூடாது. பர்வின் அவள் போனில் கலோரி பார்க்கிற ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். என்ன சாப்பிட்டோம் என்று எழுதினால் அதுவே கணக்குச் சொல்லும். முதல் நாள் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு. சாரதா அதைத் தட்டினாள். ஆப் பன்னிரண்டு குழம்பைக் காட்டியது. ஒன்றில் தொண்ணூறு கலோரி, இன்னொன்றில் முந்நூற்றுப் பத்து.

"இதுல நம்ம வூட்டுக் குழம்பு எதுங்க?" என்று புருஷனிடம் போனை நீட்டினாள்.

வீரமணி கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "நம்ம வூட்டுக் குழம்ப இவன் எப்ப வந்து துன்னான்? வாய வச்சிக்கினு சும்மா துன்னுடி."

"ஒரு கப்புன்னு போட்டுக்குது. எந்தக் கப்பு? டீக் கப்பா, சில்வர் கிண்ணமா?"

"எனக்கு இன்னா தெரியும். நீதான கம்பெனில கணக்குப் புலி."

அவன் கேலி பண்ணினான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கீரையை எடுத்தால், கடைந்த கீரையா, பொரித்த கீரையா, எண்ணெய் எத்தனை கரண்டி? நெத்திலி எடுத்தால், தலையோடா, தலை இல்லாமலா? எதைத் தொட்டாலும் குத்துமதிப்பு. இருபத்துநாலை இருபத்துநாலு என்றே எண்ணிப் பழகியவளுக்குக் குத்துமதிப்பு என்றால் உடம்பெல்லாம் எரியும். இரண்டு வாரம் இப்படி ஓடியது. மூன்றாம் வாரம் எடை பார்த்தால் நானூறு கிராம் கூடியிருக்கிறது.

நானூறு கிராம் ஒரு பெரிய விஷயமா? மாதவிடாய் வரப்போகிற வாரத்தில் எந்தப் பெண்ணுக்கும் கூடுகிற தண்ணி அது. டயட் மேடத்திடம் ஒரு போன் போட்டிருந்தால் சிரித்துவிட்டுச் சொல்லியிருப்பாள். சாரதா போன் போடவில்லை. அன்றைக்குத் தம்பியை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கழுத்துப் பைப்பைச் சுற்றி லேசாகச் சிவந்திருந்தது. கண்ணால் பார்த்த சிவப்பும் தராசில் பார்த்த நானூறு கிராமும் அவள் மண்டைக்குள் ஒன்றாகப் போய் உட்கார்ந்துவிட்டன. நம் சோற்றால்தான் அவன் சாகப்போகிறான் என்று நினைத்தாள். இப்படி நினைத்த பிறகு தொண்டையில் சோறு இறங்குமா? இறங்கவில்லை.

மறுநாள் வேலையில் பாக்கெட்டை அடுக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. பதினாறு வருஷமாகப் பட்டுக்கொண்டேதான் இருந்தது. பாக்கெட்டின் முதுகில் குட்டி எழுத்தில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது: நூறு கிராமுக்கு நானூற்று அறுபது கலோரி. பன்னிரண்டு விதமாக இல்லை, ஒரே எண். அரசாங்கச் சட்டப்படி அச்சடித்த எண். அவளுக்கு அப்பாடா என்று இருந்தது.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. உடைந்த பிஸ்கட்டை, டேமேஜ் என்பார்கள், சனிக்கிழமை தோறும் ஆளுக்கு ஒரு கிலோ பையில் போட்டுக் கொடுப்பார்கள். எல்லார் வீட்டிலும் அது பிள்ளைகளுக்குப் போகும், இல்லாவிட்டால் டீக்குத் தொட்டுக்கொள்ளப் போகும். சாரதா அதைத் தரக்கட்டுப்பாட்டு அறைத் தராசில் நிறுத்து, நூறு நூறு கிராமாகச் சின்ன கவரில் கட்டினாள். போதாததற்குப் பிள்ளை இல்லாத இன்னொருத்தியின் பையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு நாளைக்கு இரண்டு கவர், தொள்ளாயிரத்து இருபது. பால் பாக்கெட்டிலும் எண் இருக்கிறது. அதை வைத்து ஒரு டீக்கு எழுபது, நாலு டீக்கு இருநூற்று எண்பது. ஆகமொத்தம் ஆயிரத்து இருநூறு. அப்பழுக்கில்லாத கணக்கு. அச்சடித்த எண் இல்லாத எதுவும் இனி வாய்க்குள் போகாது என்று முடிவு கட்டினாள்.

நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது புரிகிறது. ஆனால் எடை இறங்கியது, அதை என்ன சொல்வீர்கள்? முதல் வாரம் எண்ணூறு கிராம், அடுத்த வாரம் அறுநூறு. பிஸ்கட் தின்றால் குண்டாவார்கள் என்று ஊரே சொல்லும். அவள் பிஸ்கட் தின்றே இளைத்தாள். கணக்கு கணக்குதான், அது யாருக்காகவும் மாறாது.

ஷிப்ட் முடிந்ததும் டெஸ்பாட்ச் பிரிவுக்குப் போய்ப் பெட்டிகளை நிறுக்கும் பெரிய தராசில் ஏறி நிற்பது அவள் பழக்கமாகிவிட்டது. அங்கே எடை போடுகிறவன் குமரவேல். ஐம்பது கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசு.

"எழுபத்தி நாலு எழுநூறு. யக்கா, பாதி லோடு எறக்கிட்டீங்க போல" என்று கத்துவான். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள் கை தட்டுவார்கள். அந்தக் கைத்தட்டலுக்கு அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். அத்தனை வருஷமாக யாரும் அவளுக்குக் கை தட்டியதில்லை.

பர்வினுக்கு மட்டும் பிடிக்கவில்லை. டிபன் டப்பாவில் பருப்புச் சோறும் முட்டையும் கொண்டு வருகிறவள், அதை சாரதா பக்கம் தள்ளுவாள். "ரெண்டு வாயாவது துன்னுக்கா."

"அதுல எவ்ளோ இருக்குன்னு சொல்லு, துன்றேன்."

"எங்கம்மா கைல கொட்டினது, எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப வேணாம் பர்வினு."

"ஏன்க்கா, ஆயிரத்து எரநூறு பிஸ்கட்டும் ஆயிரத்து எரநூறு மீனும் ஒண்ணா?"

"வெயிட்டு ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் எறங்கும். எனக்கு வெயிட்டுதான் வேணும். வேற இன்னா வேணும்?" என்றாள் சாரதா. பர்வின் டப்பாவை மூடினாள். ஏதோ தப்பு என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததைச் சொல்லத் தெரியாதவர்கள்தானே நம்மில் பாதிப்பேர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பனித்திட்டுக்குப் போவாள். இளங்கோ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். முகம் ஊதி, கால் ஊதி, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணி என்று அளந்து குடித்துக்கொண்டு. அக்கா வருகிறாள் என்று சத்யா வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்திருப்பாள். கிட்னி தரப்போகிற நாத்தனாருக்கு வேறு எப்படித்தான் நன்றி சொல்வது? சாரதா பையிலிருந்து கவரைப் பிரிப்பாள்.

"அண்ணி, ஒரு துண்டு மீனு. எனக்காக" என்பாள் சத்யா.

"ஆபரேசன் முடியட்டும் சத்யா. சட்டியோட துன்றேன்."

சத்யாவுக்கு முகம் சுண்டிவிடும். இளங்கோதான் சமாளிப்பான். "வுடு சத்யா. எங்கக்கா கிட்னி எனக்கு வந்தப்பறம் ஒண்ணுக்கு போனா பிஸ்கட்டு வாசனதான் அடிக்கப் போவுது." சொல்லிவிட்டு அவனே சிரிப்பான், மூச்சு வாங்கும், நிறுத்திவிடுவான். கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும் கேட்பான்: "எவ்ளோ வந்துக்கீறக்கா?"

"எழுபத்தி ரெண்டுடா. இன்னும் நாலு."

"ஒடம்ப கெடுத்துக்காத. நான் தாங்குவேன்."

தாங்குவேன் என்கிறவனின் கண்ணில் பயம் அப்பிக்கிடக்கும். அவன் சாக விரும்பவில்லை. அவனுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது, ரிப்பேருக்கு வந்து நிற்கிற நாலு இன்ஜின் இருக்கிறது. சாரதா பஸ் ஏறும்போது அந்தக் கண்ணையே நினைத்துக்கொண்டு வருவாள். மறுநாள் இரண்டு கவரை ஒன்றே முக்காலாக்குவாள்.

இரும்புச்சத்து மாத்திரையை என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். பத்து நாள் போட்டாள். வெறும் பிஸ்கட்டுக்கும் டீக்கும் நடுவில் அது வயிற்றைப் புரட்டியது, குமட்டியது. குமட்டினால் நின்று வேலை பார்க்க முடியாது. அதோடு அந்த மாத்திரை எடையைக் குறைக்காது. மூலையில் போட்டாள். இரண்டாம் மாசம் ஆஸ்பத்திரியில் வரச் சொல்லியிருந்தார்கள், போனாள். நர்ஸ் எடை பார்த்து, வெரிகுட் என்றாள். ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று சீட்டும் கொடுத்தாள். ரத்தம் எடுக்கிற இடத்தில் ஐம்பது பேர் நின்றார்கள். இரண்டு மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எடைதான் குறைகிறதே, ரத்தத்தை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சீட்டை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பாவி. அந்த ஐம்பது பேருக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும். வேலை போனாலும் நின்றிருக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் எல்லாம் வெளியே தெரிய ஆரம்பித்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. வாயோரம் வெடித்தது. மாதாமாதம் போகிற உதிரம் அவளுக்கு எப்போதுமே அதிகம். இப்போது போனால் அந்த ஐந்து நாளும் கண் இருட்டியது. கம்பெனி மாடிப்படி பதினெட்டு. ஒன்பதாவது படியில் நின்று மூச்சு விட்டுப் பிறகு ஏறினாள். நாக்கு வெளுத்து வழவழவென்று ஆனது. வீரமணி ஒரு நாள் அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, சுண்ணாம்பு மாரி இருக்குது" என்றான்.

"எளச்சா அப்படித்தான்."

"எவன் சொன்னான்?"

"இன்னும் ஒண்ணரை கிலோ. அத்தோட முடிஞ்சிடும். என்ன வுட்டுடுங்க" என்று அவள் அழுதுவிட்டாள். அழுகிறவளை அவன் என்ன செய்வான்? மறுநாள் காணாங்கத்தை மீன் வாங்கிவந்து அவனே அலசிக் குழம்பு வைத்து, அவள் எதிரில் தட்டை வைத்தான். அவள் ஒரு கவளத்தை வாய்வரை கொண்டுபோய், இதில் எத்தனை இருக்கும் என்ற நினைப்பில் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அவன் அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம் என்று இப்போதும் சொல்லிச் சொல்லி மாய்கிறான்.

வைகாசி பிறந்த முதல் வாரம் தராசு அறுபத்தேழு எண்ணூறு காட்டியது. குமரவேல் எண்ணைக் கத்தினான். பேக்கிங் பிரிவு மொத்தமும் கூடிவிட்டது. பர்வின்கூடக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சாரதா பஸ் ஸ்டாண்டில் நின்று தம்பிக்குப் போன் போட்டாள். "வந்துட்டேன்டா. எரநூறு கிராம் கீழயே வந்துட்டேன்." சத்யா போனை வாங்கி, "அழுதுக்கினு இருக்காரு அண்ணி" என்றாள். அன்றைக்கு அவர்கள் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள், சரியாக இருந்தது. ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் கூப்பிட்டு உட்கார வைத்தார் டாக்டர். அவர் கையில் இருந்த தாளைத் தலைகீழாகவே அவளால் படிக்க முடிந்தது. ஆறு புள்ளி ஒன்பது.

"ஆறே முக்கால் சொச்சம்தாம்மா ரத்தம். பன்னிரண்டு இருக்கணும். புரதமும் ரொம்ப எறங்கிடுச்சி. இந்த ஒடம்புல கத்தி வைக்க முடியாது."

"வெயிட்டு வந்துடுச்சே சார்."

"வெயிட் வந்துடுச்சி. நான் ஒண்ணும் இல்லன்னு சொல்லல."

"அவனுக்கு ரத்தம் ஏத்தற மாரி எனக்கும் ஏத்திட்டு எடுத்துக்கோங்க சார்."

"அப்படி எடுக்கக் கூடாதும்மா. குடுக்கறவங்க ஆரோக்கியமா இருக்கணும்ன்றதுதான் மொத விதி. ஊசி போடறேன், மாத்திரை தரேன், ஒழுங்கா சாப்பிடுங்க. ரெண்டரை மூணு மாசம். திரும்பப் பாக்கலாம்."

வேறு ஆள் இருக்கிறார்களா என்று டாக்டரே ஒரு தடவை கேட்டார். இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

டயட் மேடம் அவள் பையிலிருந்த கவரை வெளியே எடுத்து மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டவில்லை. "இத மட்டுமா இத்தன மாசம்?" என்றாள்.

"கணக்குல தப்பில்ல மேடம். ஒரு நாளு கூட தாண்டல."

"கணக்குல தப்பே இல்லக்கா. எடைக்கு அந்தக் கணக்குதான். ஆனா ரத்தம் அந்தக் கணக்குல ஊறாது. அதுக்குத்தான் அந்தத் தாளக் குடுத்தேன்." ஆயிரத்து இருநூறைச் சொன்ன வாயால் இன்னும் அழுத்தி மற்றதைச் சொல்லியிருக்கலாமோ என்று அந்தப் பெண்ணும் வீட்டுக்குப் போய் நினைத்திருப்பாள்.

அங்கிருந்து டயாலிசிஸ் வார்டுக்கு இரண்டு நிமிஷ நடை. அன்று இளங்கோவின் முறை. மெஷின் ஓடிக்கொண்டிருக்க, அவள் கட்டில் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பரவால்லக்கா. மூணு மாசம்தான" என்றான். பிறகு அவள் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்து, "மொதல்ல நீ போய் துன்னு" என்றான்.

அன்று முதல் தின்றாள். வீரமணிதான் சமைத்தான். முருங்கைக் கீரை, முட்டை, நெத்திலி, பருப்பு, வாரம் ஒரு தடவை ஈரல். பசியே இல்லாமல், ருசியே தெரியாமல், மருந்து விழுங்குவதுபோல மூன்று வேளையும் விழுங்கினாள். பிஸ்கட்டை விட்டுச் சோறும் மீனும் தின்ற பிறகும் எடை கூடவில்லை, அதே அறுபத்தெட்டில் நின்றது. அதைப் பார்த்தபோதுதான் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இதையே தையிலிருந்து தின்றிருந்தால் எடையும் இறங்கியிருக்கும், ரத்தமும் இருந்திருக்கும், இன்னேரம் ஆபரேஷன் முடிந்து அவன் இன்ஜினைத் தொட்டிருப்பான். யாரும் அவளுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தக் கணக்கும் அவளுக்குத் தெரிந்தது.

ஏழாவது வாரம் இளங்கோவுக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. டயாலிசிஸ் நடுவில் உடம்பு தூக்கிப் போட்டது என்று சத்யா போன் பண்ணினாள். கழுத்துப் பைப் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. பைப்பை எடுத்தார்கள், தொடையில் வேறு போட்டார்கள், மருந்தை மாற்றினார்கள். கிருமி இதயத்தில் போய் ஒட்டிக்கொண்டது என்றார்கள். ஒன்பது நாள் கிடந்தான். ஏழாம் நாள் வரை நினைவு இருந்தது. சாரதாவைப் பார்த்து, "துன்றியாக்கா?" என்று கேட்டான். "துன்றேன்டா" என்றாள். அவ்வளவுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. ஆடி மூன்றாம் தேதி காலையில் போய்விட்டான்.

பனித்திட்டில் எடுத்துப் போட்ட அன்று சத்யா அழுதுகொண்டே சாரதாவின் மடியில்தான் விழுந்தாள். ஒரு வார்த்தை குற்றமாகச் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தி போட்டபோது மட்டும், இலையில் சோறு வைத்துக்கொண்டே வந்தவள், சாரதாவின் இலைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். "அப்ப ஒரு துண்டு மீனு துன்னிருக்கலாம் அண்ணி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். சோற்றை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் மறு பரிசோதனைக்குக் கொடுத்த தேதி ஆடிக் கடைசியில் வந்தது. வீரமணி அந்தச் சீட்டைக் கிழித்துப் போடப் போனான். சாரதா பிடுங்கிக்கொண்டாள். அன்று லீவு போட்டு, வெறும் வயிற்றோடு போய், ரத்தம் எடுக்கிற வரிசையில் நின்றாள். முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் கொடுத்து முடிக்கிற வரை நின்றாள்.

மத்தியானம் ரிப்போர்ட்டைப் பார்த்தது புது டாக்டர், ஒரு அம்மா. பழையவர் லீவாம். அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அடேயப்பா, பன்னிரண்டு புள்ளி ஒண்ணு. வெயிட்டும் அறுபத்தெட்டு. சூப்பரா தேத்திட்டீங்க. எல்லாம் ஓகே. தம்பியக் கூட்டிட்டு வாங்க, தேதி போட்டுடலாம்."

"தம்பி இல்ல மேடம். செத்துட்டான்."

அந்த அம்மா தாளைத் திரும்பப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள். "அப்ப எதுக்கும்மா இன்னிக்கு வந்து ரத்தம் குடுத்தீங்க?"

வெளியே அடுத்த நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எத்தினி நாளு சரியா துன்னிருந்தா போதும்னு தெரிஞ்சிக்கலாம்னு வந்தேன் மேடம்" என்றாள். "எழுபத்தஞ்சி நாளு."